மூன்றாம் ஓலையில் நான் சொன்ன தடை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. கோயில் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்ததோடு சரி. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டுதான். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னால் நடந்ததைப் பின்னால் எழுதிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்கு மறக்கவில்லை.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் எதிர்வீடு. அந்த வீட்டுப் பெண் தஞ்சாவூரில் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிறாள். கம்ப்யூட்டரில் ஏதோ சர்டிபிகேட் பரீட்சை எழுத வேண்டுமாம். வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். நேற்று அவள் அம்மா போட்ட சத்தம் என் அடுப்படி வரைக்கும் கேட்டது.

"எழுதும்மா, எழுது. எதிர்வீட்டு அக்காவும் இதே பரிட்சைதான் எழுதுனா. வந்த மாப்பிள்ள திரும்பிப் பாக்காம ஓடுனான். உனக்கும் அப்படி ஓடட்டும்."

கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டேன். அவள் சொன்ன அந்த அக்கா என் மகள். மாப்பிள்ளை ஓடவில்லை. கல்யாணத்தை நிறுத்தியது நான். ஊரில் ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். நகையில் தகராறு என்பார்கள், பெண்ணுக்கு வேறு யாரோ இருந்தான் என்பார்கள். எதுவும் கிடையாது. ஒரு பரீட்சை, அவ்வளவுதான். அதை நானே சொல்லிவிடுகிறேன்.

அப்போது காவிரியில் தண்ணீர் நேரத்துக்கு வராமல் குறுவை பொய்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் திருப்பனந்தாள் பக்கம் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் செய்தோம். ஒரு போகம் சம்பாவை நம்பித்தான் குடும்பம். தெருவில் பாதி வீட்டு ஆண்கள் சிங்கப்பூருக்கும் குவைத்துக்கும் போயிருந்தார்கள். வயலுக்கு நடுவில் இன்ஜினியரிங் காலேஜ்கள் முளைத்தன. அப்படி ஒரு காலேஜில்தான் என் மகள் படித்தாள். பஸ் இறங்கி வரப்பு மாதிரி ஒரு ரோட்டில் நடந்து போக வேண்டும். வேலைக்கு ஆள் எடுக்க எந்தக் கம்பெனியும் அந்த ரோட்டில் வந்ததில்லை.

அவள் படித்தது இன்ஸ்ட்ருமென்டேஷன். சூட்டையும் அழுத்தத்தையும் அளக்கிற படிப்பு என்று சொன்னாள். கடைசி வருஷ ப்ராஜெக்ட்டைத் திருவிடைமருதூர்ப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் செய்தாள். நெல் ஊறுகிற தொட்டியில் வெந்நீர் என்ன சூட்டில் இருக்கிறது என்று கம்ப்யூட்டரே பார்த்துச் சொல்ல வேண்டும், சூடு மிஞ்சினால் மணி அடிக்க வேண்டும். பெண்பிள்ளை தனியாக ஆலைக்குப் போகக் கூடாது என்று அவள் அப்பா சொன்னதால் நான் துணைக்குப் போனேன். புழுங்கல் வாடையில் ஒரு சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு அவள் செய்வதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

திரையில் எழுத்தே இல்லை. சின்னச் சின்னப் பெட்டிகள். ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குக் கலர் கலராகக் கம்பி ஓடியது.

"என்னடி, படம் போட்டு வெச்சிருக்கே?"

"இதான்ம்மா ப்ரோகிராம். கிராஃபிக்கல் ப்ரோகிராமிங்னு பேரு. மத்ததுல எழுதுவாங்க, இதுல வரைவோம். இந்தப் பெட்டியப் பாரு. இதுக்கு மூணு கம்பி வரணும். மூணும் வந்தாத்தான் வேல செய்யும். ஒண்ணு வரலன்னாலும் அப்படியே நிக்கும்."

"எவ்ளோ நேரம் நிக்கும்?"

"வர்ற வரைக்கும்."

"பாவம்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "பெட்டிக்கெல்லாம் பாவம் பாக்குற மொத ஆளு நீதாம்மா."

ஆலை முதலாளி வெற்றிலை போட்டுக்கொண்டே வந்து பார்ப்பார். "நெல்லு அவிக்கிற எங்க அவியல்காரரு கைய விட்டுப் பாத்தே சூடு சொல்லிடுவாரு பாப்பா. இதுக்கு எதுக்கு கம்ப்யூட்டரு?" என்று கேட்டார்.

"அவருக்கு ஜுரம் வந்தா யாரு கைய விடுவீங்க சார்? நீங்களா?"

அவியல்காரர்தான் எல்லோரையும்விட முதலில் சிரித்தார். "நல்லாக் கேளு பாப்பா, லீவே தரமாட்டேங்குறாரு" என்றார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. நான் மூன்றாம் மனிதரிடம் முகம் பார்த்துப் பேசாதவள். கோயிலில் செபமாலை சொல்லும்போதுகூட என் குரல் எனக்கே கேட்காது. என் வயிற்றில் பிறந்தவள் ஒரு முதலாளியைக் கேலி பேசுகிறாள்!

ஒரு நாள் அவளுடைய காலேஜ் மேடம் ஆலைக்கு வந்து எல்லாவற்றையும் பார்த்தார். அன்றைக்குத்தான் அந்தப் பரீட்சைப் பேச்சு வந்தது. இந்தப் பெட்டி போடுகிற வேலையில் கெட்டிக்காரி என்று சர்டிபிகேட் தருகிற பரீட்சை. சென்னையில் நடக்கும். காலேஜ் வழியாக இடம் கிடைத்திருந்தது. படிப்பு முடிந்துவிட்டால் அந்த வழி இருக்காது.

"கண்டிப்பா எழுதணுமா மேடம்?" என்று என் மகளே கேட்டாள்.

அந்த மேடம் பூசி மெழுகாமல் சொன்னார். "கண்டிப்புன்னு சொல்லமாட்டேன். பாதிக் கம்பெனி இதக் கேக்கவே கேக்காது. சர்டிபிகேட்டும் ரெண்டு வருஷந்தான் செல்லும், அப்புறம் திரும்ப எழுதணும். பெரிய காலேஜ் பொண்ணுன்னா எழுதாட்டி போன்னுருப்பேன். நம்ம காலேஜ் பேரச் சொன்னா எவனுக்கும் தெரியாது. இத எழுதியிருந்தா, கூப்புட்டு ஒரு கேள்வியாவது கேப்பான். அவ்வளவுதான்."

பஸ்ஸில் வரும்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஒரு கேள்வி கேட்டாப் போதும்மா. மிச்சத்த நான் பாத்துக்குவேன்" என்றாள்.

இது நடந்த சமயத்தில் அவளுக்குக் கல்யாணமும் பேசி முடித்திருந்தது. ஏற்பாடு செய்தவர் என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் அக்கா. மாப்பிள்ளை சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் சூப்பர்வைசர். நல்ல பையன், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. ஈஸ்டர் முடிந்து, படிப்பும் முடிந்த பிறகு கல்யாணம் என்றார்கள். என் மகளும் சரி என்றாள். நான் சொல்வதை நம்புங்கள், அவள் மனசார சரி என்றாள்.

பிறகு மாப்பிள்ளையின் லீவு மாறிவிட்டது. ஈஸ்டருக்கு வர முடியாது, இப்போதே வருகிறேன் என்றார். நாங்கள் கத்தோலிக்கர். சாம்பல் புதன் வந்துவிட்டால் தபசுகாலம், ஈஸ்டர் வரைக்கும் கோயிலில் கல்யாணம் வைக்கமாட்டார்கள். அதனால் சாம்பல் புதனுக்கு முந்தின திங்கட்கிழமையே கல்யாணம் என்று நாத்தனார் போனிலேயே பேசி முடித்துவிட்டார். பரீட்சை அதற்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை.

"அத்தை, செவ்வாக்கிழமை எனக்குப் பரிட்சை" என்றாள் மகள்.

"ஏண்டி, கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீடு போவியா, மெட்ராஸ் போவியா?" என்றார் நாத்தனார். "கம்ப்யூட்டர்ல கோடு இழுக்குறதுக்கு ஒரு பரிட்சையாம். கோலப்போட்டிக்குப் போற மாதிரி. ரெண்டு வருஷத்துல செல்லாமப் போற காயிதத்துக்கு, ஆயுசுக்கும் நிக்கிற கல்யாணத்த மாத்தச் சொல்றா பாரு."

அவள் அப்பாவிடம் போனாள். அவர் துண்டை உதறிக்கொண்டே, "அத்தைகிட்ட சொல்லும்மா" என்றார். நான் போய்ச் சொன்னேன். எனக்கும் அதே பதில்தான், அக்காவிடம் கேள் என்று. மறுபடியும் சொன்னேன். "அங்க போயி எழுதிக்கலாம்னு மாப்பிள்ள வீட்ல சொல்றாங்கல்ல?" என்றார். மனைவியாகப் போகிறவள் அங்கே எந்த விசாவில் இருப்பாள், வேலை செய்ய விடுவார்களா, பரீட்சை எங்கே நடக்கும் என்று எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாது. தெரியாமலேயே எல்லோரும் உறுதியாகப் பேசினார்கள்.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகளுக்கும் இன்னாருடைய மகனுக்கும் திருமணம், இதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்க வேண்டும் என்று அறிவிப்பார்கள். காலங்காலமாக வாசிக்கிறார்கள். யாரும் ஒன்றும் தெரிவிப்பதில்லை. சாமியாருக்கும் அது தெரியும். கடைசிச் சொல்லைச் சொல்லும்போதே காகிதத்தை மடித்துவிடுவார்.

முதல் ஓலை வாசித்தார்கள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று பக்கத்துப் பெண்கள் இடித்துக்கொண்டார்கள். இரண்டாம் ஓலை அன்று அவள் கோயிலுக்கே வரவில்லை, தலைவலி என்றாள். அந்த வாரம் அவள் புத்தகத்தைக் கட்டிப் பரண் மேல் போட்டாள். அழவில்லை, சண்டை போடவில்லை. "விடும்மா" என்று மட்டும் சொன்னாள். அந்த "விடும்மா"தான் எனக்குத் தாங்கவில்லை. என் கல்யாணத்துக்கு முன்னால் நான் சொன்னதும் அதே சொல்தான்.

மூன்றாம் ஓலை. பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்தோம். மகள் எனக்குப் பக்கத்தில் இருந்தாள், நாத்தனார் முன்வரிசையில். எழுந்து நிற்க வேண்டும் என்று நான் வீட்டில் நினைத்துக்கொண்டு வரவில்லை. சாமியார் தடை என்ற சொல்லைச் சொன்னார், காகிதம் மடிகிற சத்தம் மைக்கில் கேட்டது. நான் நின்றுகொண்டிருந்தேன். முக்காடு நழுவியதைக்கூடச் சரி செய்யத் தோன்றவில்லை.

மகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, உக்காரும்மா."

சாமியார் நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா, உடம்பு முடியலையா? ஃபேன் போடச் சொல்லட்டுமா?"

"இல்ல சாமி. தடை இருக்கு."

பெண்ணைப் பெற்றவளே தடை சொன்னால் சனம் என்னென்ன நினைக்கும்? நினைத்தார்கள். அதுதான் இன்றைக்கும் கதையாக ஓடிக்கொண்டிருக்கிறது.

"என்ன தடைம்மா?"

"பிள்ளைக்குப் பரிட்சை இருக்கு சாமி. மறுநாளு."

முதலில் பீடத்தில் பூசைக்கு உதவுகிற சிறுவர்கள் சிரித்தார்கள். பிறகு ஆண்கள் பக்கம். பிறகு எல்லோரும். சாமியாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். "பரிட்சை எல்லாம் தடையில சேராதும்மா. நெருங்கின ரத்த சொந்தம், முன்னாடியே கல்யாணம் ஆயிருக்கறது, கட்டாயப்படுத்தறது, இந்த மாதிரிதான்."

"கட்டாயப்படுத்தறது உண்டுல்ல சாமி?"

சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்ப பிள்ளையக் கூப்புட்டுக் கேளுங்க. கல்யாணம் பேசினப்ப நீங்க சம்மதம் கேட்டதுக்கு, ஈஸ்டர் கழிச்சுங்கற பேச்சுலதான் சரின்னா. இப்ப மறுபடியும் கேளுங்க. வாராவாரம் தடை உண்டான்னு கேக்குறீங்க, ஒருத்தி இருக்குன்னு சொன்னா சிரிக்கிறீங்களே."

இவ்வளவையும் நான்தான் பேசினேனா என்று பிறகு பலரைக் கேட்டேன். ஆமாம் என்றார்கள்.

பூசை முடிந்ததும் சாமியார் அவளைச் சக்கிறீஸ்துக்குள் கூப்பிட்டார். பூசை உடுப்புகள் வைத்திருக்கும் அறை அது. கதவு திறந்தே இருந்தது. நாங்கள் வாசலில் நின்றோம். அவளுக்கு என் மேல் கோபம், முகமெல்லாம் சிவந்திருந்தது.

"உனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாமாம்மா?"

"வேணாம்னு சொல்லல சாமி."

"அப்புறம்?"

"இந்தத் தேதி வேணாம்" என்றாள். பிறகு சத்தமாக, "எல்லாரும் தேதி சொன்னாங்க. என்னைய யாரும் கேக்கல" என்றாள்.

எனக்கு அந்த அரிசி ஆலைப் பெட்டி ஞாபகம் வந்தது. எல்லாக் கம்பியும் வந்துவிட்டது, ஒன்று வரவில்லை. எங்கள் வீட்டில் அது வராமலேயே மணி அடிக்கப் பார்த்தார்கள்.

"பெண்ணு சம்மதம் இல்லாம நான் தாலிய மந்திரிக்க முடியாது. தேதிய மாத்திப் பேசிக்குங்க" என்று சாமியார் சொல்லிவிட்டார்.

கோயிலுக்கு வெளியே நாத்தனார் என்னை நிறுத்தினார். "ஊமை மாதிரி இருந்துக்கிட்டு இப்படி எங்க மானத்த வாங்கிட்டியே. செல்லாத காயிதத்துக்கு."

"ரெண்டு வருஷம் செல்லும்ல அண்ணி" என்றேன். "போன வருஷம் அறுத்தாச்சுன்னு நீங்க இந்த வருஷம் விதை விடாம இருக்கீங்களா? வருஷா வருஷம் புதுசாத்தான் நடுறோம். நெல்லுக்கு அலுக்கல, இவ படிப்புக்கு மட்டும் அலுக்குதா?"

என் வீட்டுக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். பாதி வழியில் நின்று, "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"சொன்னேங்க. அக்காகிட்ட கேளுன்னீங்க."

அவர் சைக்கிள் மணியை ஒரு தரம் சும்மா அடித்தார்.

சாயங்காலம் மாப்பிள்ளையின் அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். வந்தவர் உட்காரவில்லை.

"பரிட்சைதான் காரணமா? வேற ஏதும் இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

"பரிட்சைதாங்க."

"எழுதி பாஸ் பண்ணலன்னா?"

"திரும்ப எழுதுவா."

"எங்களுக்கு ஈஸ்டர் வரைக்கும் காத்திருக்க முடியாது. தபசுக்கு முன்னாடி இல்லன்னா இல்லதான்."

என் வீட்டுக்காரர் அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தார். மகள் கதவுக்குப் பின்னால் நிற்பது எனக்குத் தெரிந்தது.

"அப்ப இல்லதாங்க" என்றேன். "காப்பி சாப்பிட்டுட்டுப் போங்க."

அவர் சாப்பிடவில்லை. அந்தப் பையனுக்கு அதே வாரத்தில் வேறு இடத்தில் பேசி, ஈஸ்டர் கழித்துத்தான் கல்யாணம் நடந்தது. கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்களுக்கு மாறாத லீவு அங்கே மட்டும் எப்படியோ மாறியது. நன்றாக இருக்கட்டும்.

கல்யாணம் நடந்திருக்க வேண்டிய திங்கட்கிழமை அப்பாவும் மகளும் சென்னைக்குப் பஸ் ஏறினார்கள். அவள் பையை அவர்தான் தூக்கிக்கொண்டு போனார். மறுநாள் பரீட்சை நடந்த கட்டடத்துக்கு எதிரே ஒரு டீக்கடை பெஞ்சில் பொழுது முழுக்க உட்கார்ந்திருந்தாராம். வெளியே வந்த மகளிடம், "உன் பெட்டியெல்லாம் வேல செஞ்சுதா?" என்று கேட்டாராம். நான் வீட்டில் வந்து சொன்ன அரிசி ஆலைப் பேச்சை அவர் காதில் வாங்கியிருக்கிறார் என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இப்போது எதிர்வீட்டுக்காரிக்குப் பிடித்த இடம் வருகிறது. என் மகள் அந்தப் பரீட்சையில் தோற்றுப்போனாள். கும்பகோணத்தில் ப்ரௌசிங் சென்டரில் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். கொடுத்த நேரம் போதவில்லையாம். நாத்தனார் அன்று பலகாரம் செய்யாததுதான் குறை. தெருவில் நான் நடந்தால், "பரிட்சையாம்ல" என்று காதில் விழுகிற மாதிரிப் பேசுவார்கள்.

நான் முக்காட்டைக்கூட இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை. அவள் எழுதித் தோற்றாள். எழுதாமல் ஜெயித்தவர்கள் பேசட்டும்.

அப்புறம் சென்னையில் ஒரு சின்னக் கம்பெனியில் கூப்பிட்டார்கள். தோற்றுப்போன பரீட்சையையும் மறைக்காமல் எழுதிப் போட்டிருந்தாள். அதைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்களாம். ஆனால் அங்கே கேட்ட கேள்வி எல்லாம் நெல் தொட்டியைப் பற்றி. பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். மறுபடி எழுதினாள், பாஸானாள். அந்தக் காயிதம் காலாவதி ஆனது, திரும்ப எழுதினாள். அதற்கப்புறம் ஒரு தடவை எழுதாமல் விட்டுவிட்டாள். "இப்ப என்னைய யாரும் கேக்குறதில்லம்மா, நான்தான் மத்தவங்களக் கேக்குறேன்" என்றாள். வண்டி இன்ஜினைச் சோதிக்கிற இடத்தில் இப்போது அவள் கையில் ஒரு கூட்டமே வேலை செய்கிறது.

அந்தக் காயிதம்தான் அவளுக்குச் சோறு போட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன். அது இல்லாமலும் பிழைத்திருப்பாளோ என்னவோ. எழுதலாமா வேண்டாமா என்று எதிர்வீட்டுப் பெண் என்னைக் கேட்டால், எனக்குத் தெரியாது என்றுதான் சொல்வேன். அவள் மேடத்தைக் கேட்கட்டும், வேலை பார்க்கிறவர்களைக் கேட்கட்டும், வேண்டாம் என்று தோன்றினால் விடட்டும். அவளுக்குத் தோன்ற வேண்டும். அத்தைக்கும் மாமாவுக்கும் தோன்றி அவள் விடக் கூடாது. என் பெண்ணின் பெயரைச் சொல்லி அவளைப் பயமுறுத்தவும் கூடாது. அதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன்.

சில வருஷம் கழித்து மகளுக்குக் கல்யாணம் ஆனது, கூட வேலை பார்க்கிற பையனோடு. தேதியை அவர்களே சொன்னார்கள். எங்கள் கோயிலில்தான் ஓலை வாசித்தார்கள். சாமியார் புதியவர். தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் என்று அவர் வாசித்தபோது, பெண்கள் பக்கமும் ஆண்கள் பக்கமும் ஒருசேரத் திரும்பி என்னைப் பார்த்தன. வாசித்தவர் ஒன்றும் புரியாமல் காகிதத்தை மடிக்காமலேயே நின்றார். முன்வரிசையிலிருந்து என் நாத்தனார், "வாயத் தொறந்து இல்லன்னு சொல்லித் தொலையேன், சாமி நிக்கிறாருல்ல" என்றார்.

"இல்ல சாமி" என்றேன். கோயில் முழுக்கக் கேட்டது.

இதை என் மகள் ஒரு முறை படித்துப் பார்க்க வேண்டும். அந்தப் பெட்டிக்கு மூன்று கம்பியா இரண்டா, பாஸானது சென்னையிலா பெங்களூரிலா, மேடம் சொன்ன வார்த்தை இதுதானா என்று சரிபார்த்துத் திருத்தட்டும். கோயிலில் நான் பேசியதில் மட்டும் கை வைக்க வேண்டாம். அதில் சந்தேகம் இருந்தால் அன்றைக்குச் சிரித்தவர்களைப் போய்க் கேட்கட்டும்.